வாசகர் கேள்வி–பதில்: குணம் ஒன்று, மதிப்பு இரண்டு

ஒருவருடைய சுபாவமும் அவர் ஆணா பெண்ணா என்பதும் அவருடைய வேலை வாழ்க்கையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது குறித்துக் கடிதம் எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆலை ஒன்றின் பணியாளர் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, அதன் பின்னர் பணியிட ஆலோசகராக இருந்து வருபவள் நான். படித்துத் தெரிந்துகொண்டதையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு வயது 33. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது, ஆயுத பூஜைக்குப் பணம் வசூலிப்பது, விடைபெற்றுப் போகிறவருக்குப் பரிசு வாங்குவது எல்லாம் என்னிடமே வந்து சேருகின்றன. "உங்களுக்குத்தான் பொறுமை இருக்கிறது" என்கிறார் மேலாளர். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் "தலைமைப் பண்பு போதாது" என்று எழுதுகிறார். மறுத்துப் பேச வராத என் சுபாவத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற்றிக்கொள்ள வேண்டியது உங்கள் சுபாவம்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்களிடம் வந்து சேர்ந்த வேலைகள் உங்கள் குணத்தைப் பார்த்து வந்தவை என்று மேலாளர் சொல்கிறார், நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள். நான் அதை நம்பவில்லை. நம்பாததற்கு ஒரு நல்ல ஆய்வு ஆதாரமாக இருக்கிறது.

லிண்டா பாப்காக், மரியா ரெக்கால்டே, லிசே வெஸ்டர்லண்ட், லாரி வைன்கார்ட் ஆகிய நால்வரும் 2017இல் வெளியிட்ட அந்த ஆய்வில் முன்பின் அறியாத மூவர் மூவராகக் குழு சேர்த்து, கணினி முன் அமர்த்தி, இரண்டு நிமிட அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் மூவரில் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு ஒன்றேகால் டாலரும் மற்ற இருவருக்கும் தலா இரண்டு டாலரும் கிடைக்கும், ஒருவருமே அழுத்தாவிட்டால் மூவருக்கும் தலா ஒரு டாலர்தான். யாராவது செய்தாக வேண்டும், ஆனால் செய்கிறவருக்குத்தான் ஆதாயம் குறைவு. உங்கள் அலுவலகத்தின் கூட்டக் குறிப்பு வேலையும் இதே தன்மை கொண்டதுதான். ஆண்களும் பெண்களும் கலந்திருந்த குழுக்களில் பெண்கள் முன்வந்தது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக இருந்தது. இதோடு ஆய்வு முடிந்திருந்தால், பெண்களின் இயல்பே அப்படி என்று சொல்லிவிடலாம். அவர்களோ அடுத்ததாகப் பெண்கள் மட்டுமே உள்ள குழுக்களையும் ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களையும் அமைத்துப் பார்த்தார்கள். அங்கே இரண்டு தரப்பும் ஒரே அளவில் பொத்தானை அழுத்தின. ஆண்கள் மட்டும் இருந்த அறையில் ஆண்களே முன்வந்தார்கள், ஏனென்றால் அந்த வேலையைச் செய்துவிடுவார் என்று எதிர்பார்க்க ஒரு பெண் அங்கே இல்லை.

மூன்றாவதாக, குழுவில் ஒருவரிடம் "நீங்கள் செய்யுங்கள்" என்று கேட்கும் பொறுப்பை நான்காவது ஆளிடம் கொடுத்தார்கள். பெண்களிடம் கேட்கப்பட்டது 44 சதவீதம் அதிகம். கேட்டவர்கள் ஆண்களாக இருந்தாலும் பெண்களாக இருந்தாலும் இதுவே நடந்தது. கேட்கப்பட்ட பெண்களில் 76 சதவீதம் பேர் சம்மதித்தார்கள், ஆண்களில் 51 சதவீதம் பேர். ஆகவே உங்களைப் பற்றி மேலாளர் சொல்லும் "பொறுமை" உங்களுக்குள்ளே மட்டும் இருக்கும் ஒன்றல்ல. சுற்றியிருப்பவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பதும், அந்த எதிர்பார்ப்பை நீங்கள் உணர்ந்து முந்திக்கொள்வதும் சேர்ந்துதான் அந்தப் பெயரைப் பெறுகின்றன.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் ஆறு பேர், அதில் நான் ஒருத்திதான் பெண். தொழிற்சங்கத்தோடு நடக்கும் பேச்சுவார்த்தைகளுக்குக் குறிப்பெழுதும் வேலை முதல் நாளே என்னிடம் வந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள், எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு பழைய ஒப்பந்தத்தைத் தேடுவதற்காக அந்த நீல அட்டை நோட்டுகளை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். யார் என்ன சொன்னார், எந்தக் கோரிக்கைக்கு யார் எப்படிப் பதில் கொடுத்தார் என்று பக்கம் பக்கமாக என் கையெழுத்து. என் பெயரோ ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், "குறிப்பெழுதியவர்" என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் இருந்தது. எழுதிக்கொண்டே இருந்தவள் ஒரு முறைகூட வாய் திறந்து கருத்துச் சொல்லியிருக்கவில்லை. அந்த ஆண்டும் என்னுடைய மதிப்பீட்டில் "தானாக முன்வந்து பேசுவதில்லை" என்றுதான் எழுதப்பட்டிருந்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். "முடியாது" என்று தனியாளாக மறுக்கத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேடலின் ஹைல்மன், ஜூலி சென் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சக ஊழியருக்கு உதவிய ஆணுக்கு மதிப்பு கூடியது, அதே உதவியைச் செய்த பெண்ணுக்குக் கூடவில்லை, உதவ மறுத்த பெண்ணுக்கோ மதிப்பு குறைந்தது, மறுத்த ஆணுக்கு அப்படிக் குறையவில்லை என்று கண்டார்கள். செய்தால் கடமை, செய்யாவிட்டால் குற்றம் என்ற இந்த இடுக்கில் ஒருவர் மட்டும் துணிச்சல் காட்டினால் அடிபடுவது அவராகவே இருக்கும். எனவே நான்கு வாரங்களுக்கு, உங்கள் வேலை விவரத்தில் இல்லாத எந்த வேலையை யார் சொல்லிச் செய்தீர்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று தேதி போட்டுக் குறித்து வாருங்கள். பிறகு மேலாளரிடம் அதைக் காட்டி, குறிப்பெழுதுவதையும் வசூலையும் குழுவில் உள்ளவர்கள் அகர வரிசைப்படி முறை வைத்துச் செய்யலாம் என்று எழுத்தில் கேளுங்கள். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது உண்மையிலேயே தலைமைப் பணி, ஆகவே உங்கள் ஆண்டு இலக்குகளில் அதை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் கற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை வாரத்தில் தனியாக வேலை பார்க்கத் தொடங்கினார்கள் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, நான் நிதி நிறுவனம் ஒன்றின் கிளை மேலாளர். எனக்கு முன்பு இந்த இருக்கையில் இருந்தவர் தாமதமாக வருபவர்களை எல்லார் முன்னிலையிலும் சத்தம் போடுவார், அவரைக் "கறாரான அதிகாரி" என்றார்கள். நான் அதில் பாதிகூடக் கண்டிப்பதில்லை, எனக்குத் "திமிர் பிடித்தவள்" என்று பெயர். மேலிடத்திலிருந்தும் "கொஞ்சம் மென்மையாக இருங்கள்" என்று அறிவுரை வருகிறது. மென்மையாக இருந்த ஆறு மாதத்தில் வசூல் இலக்கு தவறியது. எப்படித்தான் இருப்பது?
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்களுக்குக் கிடைத்த அதே அறிவுரையைக் கேட்டு நீதிமன்றம் வரை போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் 1982இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்டார். அந்த ஆண்டு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். அப்போதிருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் ஏழே பேர். அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து 2.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கிடைத்ததில் அவருடைய உழைப்பு முக்கியமானது. ஆனாலும் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. பங்குதாரர்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளில், அவர் ஆண்பிள்ளைத்தனமாக நடந்துகொள்கிறார், நளினம் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகட்டும் என்றெல்லாம் இருந்தன. அவருக்கு ஆதரவாக இருந்த மூத்த பங்குதாரர் ஒருவரே, இன்னும் பெண்மையோடு நடக்க வேண்டும், பெண்மையோடு பேச வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், நகை அணிய வேண்டும் என்று அவரிடம் சொன்னார். வழக்கு 1989இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. ஒரு பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து அவருடைய பதவியை முடிவு செய்வதும் பாலினப் பாகுபாடே என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு, அவரைப் பங்குதாரராக்க வேண்டும் என்று கீழமை நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த வழக்கில் என் மனத்தில் நிற்பது இன்னொன்றும் உண்டு. ஹாப்கின்ஸ் தம் உதவியாளர்களிடம் சில நேரம் உண்மையிலேயே கடுமையாக நடந்துகொண்டார் என்பதை நீதிமன்றமும் மறுக்கவில்லை. அவர் குறையற்றவர் என்பதால் வழக்கு வெல்லவில்லை. அதே குறை உள்ள ஆண்களை அளக்கும் கோலால் அவர் அளக்கப்படவில்லை என்பதே வழக்கின் சாரம். ஆகவே, உங்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஒரு துளியும் உண்மை இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்கள் உங்களுக்கு முன்பிருந்தவரையும் அதே கோலால் அளந்தார்களா என்றுதான் கேட்பேன்.

நம் ஊரிலும் இதற்குச் சான்று இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்த முதல் பெண்ணான அன்னா ராஜம், 1951இல் நேர்காணலுக்குச் சென்றபோது, வெளியுறவுப் பணியோ வேறு மத்தியப் பணியோதான் பெண்களுக்குப் பொருந்தும் என்று தேர்வுக் குழுவினர் அவரை மாற்றப் பார்த்தார்கள். அவர் ஐ.ஏ.எஸ். பணியையே, அதுவும் சென்னை மாகாணத்தையே தேர்ந்தெடுத்தார். முதலமைச்சராக இருந்த ராஜாஜி அவரைக் களத்துக்கு அனுப்பத் தயங்கி, தலைமைச் செயலகத்தில் ஒரு பணியைக் கொடுக்க முன்வந்தார். குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் ஆண்களோடு சமமாகப் பெற்றிருந்த அன்னா ராஜம், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எதுவானாலும் ஆண் அதிகாரிகளைப் போலவே தம்மாலும் சமாளிக்க முடியும் என்று அவரிடமே வாதாடி சப்-கலெக்டர் பதவியைப் பெற்றார். அப்படி வாதாடாமல் "சொன்னால் கேட்டுக்கொள்ளும் நல்ல பெண்" என்ற பெயரோடு கோப்புகளுக்கிடையே உட்கார்ந்திருந்தால், பெண்களுக்குக் களப்பணி ஒத்துவராது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டியிருப்பார்கள்.

திமோதி ஜட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பிறரோடு எளிதில் இணங்கிப்போகாத ஆண்கள், இணங்கிப்போகும் ஆண்களைவிடக் கணிசமாகக் கூடுதல் சம்பளம் பெற்றார்கள். பெண்களிடம் அதே குணத்துக்குக் கிடைத்த கூடுதல் மிகவும் சிறியது. அதாவது, கறாராக இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், அதற்காக நீங்கள் வாங்கிக்கொள்ளும் பேச்சு அதிகம். மென்மையாகிவிட்டாலும் மேலே போகும் வழி திறப்பதில்லை என்பதை உங்கள் ஆறு மாத அனுபவமே சொல்லிவிட்டது.

அடுத்த முறை மேலிடத்திலிருந்து "மென்மையாக இருங்கள்" என்று வந்தால், எந்த நாள், யாரிடம், என்ன சொன்னதைக் குறிப்பிடுகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு நிகழ்ச்சியைக் காட்டினால் அதைத் திருத்திக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால், அந்த அறிவுரை உங்கள் வேலையைப் பற்றியது அல்ல என்பது அவர்களுக்கே விளங்கும். தாமதமாக வருவது போன்றவற்றுக்கு உங்கள் கோபத்தை நம்பியிருக்காமல், மூன்று முறை தாமதமானால் அரை நாள் விடுப்பு என்பது போன்ற விதியை எழுதி, எல்லாருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் திமிர் என்று சொல்லப்படும் அதே செய்தி, ஒட்டிய தாளிலிருந்து வரும்போது விதியாகிவிடும். இந்த வித்தியாசம் நியாயமற்றது என்பதை நான் அறிவேன். ஆனாலும் நாளைக் காலை நீங்கள் அந்தக் கிளையைத் திறந்தாக வேண்டும்.

கேள்வி: நான் வங்கி அதிகாரி. எங்கள் வங்கியில் பதவி உயர்வுத் தேர்வு எழுதத் தகுதி உள்ள பெண்களில் பலர், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்கள் அப்படிச் செய்வது குறைவு. பெண்களுக்கு இயல்பிலேயே முன்னேறும் வேட்கை குறைவு என்று நான் சொன்னதற்கு வீட்டில் மனைவியும் மகளும் இரண்டு நாள் பேசவில்லை. நான் சொன்னது தவறா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: தவறுதான் ஐயா. ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றியதற்கு உங்களைப் பாராட்டுகிறேன்.

வங்கியில் பதவி உயர்வு என்றால் பெரும்பாலும் இடமாற்றமும் கூடவே வரும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சேலத்தில் இருப்பவருக்கு விஜயவாடாவிலோ போபாலிலோ பணியிடம் கிடைக்கலாம். அந்த இடமாற்ற உத்தரவு ஒரு ஆணின் கைக்கு வரும்போது, பிள்ளைகளின் பள்ளி, வீட்டுப் பெரியவர்களின் மருந்து, காலைச் சமையல் எல்லாம் சேலத்திலேயே தடையில்லாமல் நடக்கும் என்ற உறுதி அவருக்கு இருக்கிறது. பெண்ணின் கைக்கு வரும்போது அந்த உறுதி இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம். அதிலும், அப்படிப்பட்ட வேலையில் ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தான், பெண்களோ 81 பேர். வங்கி வேலைக்கு மேல் ஏறக்குறைய ஐந்து மணி நேர வேலையை வைத்திருப்பவர் எழுதிக் கொடுக்கும் "வேண்டாம்" என்ற தாளை வைத்து அவருடைய வேட்கையை அளக்கக் கூடாது.

2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் இருநூறு ஆண்டுக்கால வேலை வரலாற்றைத் தோண்டி எடுத்துக் காட்டியதும் இதற்கு நெருக்கமானதே. ஒரே படிப்புப் படித்து ஒரே தொழிலில் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பெரிய ஊதிய இடைவெளி தோன்றுவது பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான். குறித்த நேரம் என்று இல்லாமல் எப்போது அழைத்தாலும் வந்து நிற்பவருக்கே அளவுக்கு மீறிய ஊதியம் தரும் வேலைகளில் அந்த இடைவெளி மிகவும் அதிகம். அவரும் லாரன்ஸ் காட்ஸும் இதற்கு மாறான எடுத்துக்காட்டாகக் காட்டுவது மருந்தாளுநர் தொழிலை. அங்கே மருந்துக் குறிப்புகள் கணினிக்கு மாறி, ஒரு மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் இன்னொருவர் அதே வாடிக்கையாளரைக் கவனிக்க முடியும் என்ற நிலை வந்ததும், ஆண் பெண் ஊதிய வித்தியாசம் மற்ற தொழில்களைவிட மிகவும் சுருங்கியது. பெண்களின் சுபாவம் அதற்குள் மாறிவிடவில்லை, வேலை கோக்கப்பட்டிருந்த விதம்தான் மாறியது.

உங்கள் வங்கியில் மண்டலத்துக்குள்ளேயே பணியிடம் உறுதி என்று ஒரு முறை அறிவித்துப் பார்த்தால், எத்தனை பெண்கள் தேர்வு எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். உங்கள் மகளிடம் நீங்கள் வருத்தம் தெரிவித்துவிடுவது நல்லது, ஏனென்றால் வேலைக்குப் போகும் நாளில் தந்தையின் இந்தச் சொல் அவருக்கு நினைவில் இருக்கும்.

கேள்வி: அம்மா, நான் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், வயது 27. சிறு வயதிலிருந்தே அதிர்ந்து பேசாதவன், நோயாளிகளைக் கவனிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஊரில் கேலி செய்கிறார்கள் என்பது பழகிவிட்டது. இப்போது நிர்வாகத்தில் என்னைக் கண்காணிப்பாளர் ஆக்கப் போவதாகச் சொல்கிறார்கள். என்னைவிடப் பணியில் மூத்த செவிலியர் சகோதரிகள் இருவர் வார்டில் இருக்கிறார்கள். பெருமையாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, உங்களுக்கு வந்திருக்கும் கூச்சம் சரியான கூச்சம். கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற சமூகவியல் அறிஞர், செவிலியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் ஆகிய நான்கு தொழில்களில் இருந்த 76 ஆண்களையும் 23 பெண்களையும் நேர்கண்டு 1992இல் எழுதிய கட்டுரையில், பெண்கள் நிறைந்த தொழிலுக்கு வரும் ஆண்கள் வெளியே கேலிக்கு ஆளாகிறார்கள், உள்ளேயோ அவர்கள் கேட்காமலேயே மேலே தள்ளப்படுகிறார்கள் என்று காட்டினார். அதைக் கண்ணாடி மின்படிக்கட்டு என்று அவர் குறிப்பிட்டார். அதில் ஏறியவர் நடக்காமல் நின்றிருந்தாலும் மேலே போய்விடுவார், கீழேயே இருக்க விரும்பினால்தான் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகே இருக்க விரும்பும் ஆணை, அது ஆணுக்கு உரிய இடமல்ல என்று மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மென்மையான ஆணும் இந்த ஏற்பாட்டில் தனக்குப் பிடித்ததை இழக்கிறான்.

பதவியை மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தகுதியைப் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், மூத்தவர்கள் இருவரும் அதற்குப் பரிசீலிக்கப்பட்டார்களா என்று கேளுங்கள். இரவுப் பணிக்கு ஆணாக இருந்தால் வசதி என்பதுபோல் பதில் வந்தால், அது தகுதி ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். வார்டிலேயே இருந்துகொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி பெற்று வளரும் வழி இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். ஊசி போடும்போது கை நடுங்கும் முதியவர் உங்கள் தணிந்த குரலைக் கேட்டு அமைதியாவார் என்றால், அந்தக் குணம் வீணாகாத இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேள்வி: வணக்கம். நான் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். அலுவலகப் பணிக்கு ஆள் எடுக்க, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஆளுமைத் தேர்வு ஒன்றைப் பயன்படுத்துமாறு ஆலோசகர் ஒருவர் சொல்கிறார். பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்பதால் கணக்குக்கும் தரப் பரிசோதனைக்கும் அவர்களையும், தைரியமாகப் பேச வேண்டும் என்பதால் ஏற்றுமதி வாடிக்கையாளர்களோடு பேச ஆண்களையும் வைக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்தப் பதினாறு வகைத் தேர்வுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இசபெல் மயர்ஸும் அவருடைய தாயார் கேத்தரின் பிரிக்ஸும், உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளைத் தழுவி உருவாக்கியது அது. இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் பல பேர் வேறு வகைக்குள் போய்விடுகிறார்கள். ஒருவரோடு பேச்சைத் தொடங்க அது உதவலாம், வேலைக்கு எடுப்பதற்கு உதவாது.

ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரிதும் ஏற்பது ஐந்து குணங்களை. புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை என்று அவற்றைச் சொல்லலாம். மரி பாரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த வகை வேலையானாலும் நன்றாகச் செய்வதோடு தொடர்புடையதாக நின்றது பொறுப்புணர்வு. கலகலப்பு விற்பனைக்கும் மேலாண்மைக்கும் ஓரளவு உதவியது. இந்தக் குணங்களில் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமலில்லை. 26 பண்பாடுகளில் கிடைத்த தரவுகளை வைத்து 2001இல் வெளியான ஆய்வில், சராசரியாகப் பெண்கள் இணங்கிப்போகும் தன்மையில் சற்றுக் கூடுதலாகவும், ஆண்கள் அடித்துப் பேசுவதில் சற்றுக் கூடுதலாகவும் இருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியது. சராசரியை வைத்து ஆள் எடுத்தால், வாயில் முன்னால் நிற்கும் அந்த ஒருவரைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள்.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். செக்கிங் மேசையில் துணியை விளக்கொளியில் விரித்து, தையல் விட்ட இடத்தையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்குப் பெண்களை வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்குப் பொறுமை அதிகம் என்கிறீர்கள். கட்டிங் மேசையில் அடுக்கடுக்காகப் போட்ட துணியின்மேல் அரை அங்குலம் பிசகாமல் கத்தியை ஓட்டும் கட்டிங் மாஸ்டருக்கு வேண்டியதும் பொறுமைதான். அவருடைய பொறுமையைத் திறமை என்று சொல்லிக் கூடுதல் கூலி கொடுக்கிறோம், செக்கிங் பெண்ணின் பொறுமையைச் சுபாவம் என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கிறோம். சுபாவம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை என்ற பழக்கம் எனக்கு நெடுங்காலமாக உறுத்தலாக இருந்து வருகிறது.

அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் ஆள் எடுத்த கதையையும் சொல்கிறேன். 1970இல் அங்கிருந்த முதன்மையான ஐந்து குழுக்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வாசிப்பவர் யாரென்று தெரியாமல் திரைக்குப் பின்னால் அமர்த்தித் தேர்வு செய்யும் வழக்கம் அந்த ஆண்டுகளில் பரவலானது. காலடி ஓசையிலிருந்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடாதபடி மேடையில் கம்பளம் விரித்தவர்களும் உண்டு. 1997இல் அந்தக் குழுக்களில் பெண்கள் 25 சதவீதமாக இருந்தார்கள். இந்த ஏற்றம் முழுவதும் திரையால் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் இசைப் பள்ளிகளில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கையும் அந்தக் காலத்தில் பெருகியது. ஆனாலும் கேட்க வேண்டியதை மட்டும் கேட்பது என்ற அந்த ஒழுங்கை உங்கள் நிறுவனத்திலும் கொண்டுவரலாம்.

ஏற்றுமதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது, சரக்கு பத்து நாள் தாமதமாகும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு, நீங்களும் உங்கள் மெர்ச்சண்டைசரும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். திருமணம் எப்போது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பவை அந்த ஐந்தில் இருக்கக் கூடாது. முடிந்த பிறகு எண்களுக்குரிய பெயர்களைத் திறந்து பார்த்து, நீங்கள் மனத்தில் நினைத்து வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எவ்வளவு தூரம் ஒத்துப்போயின என்பதை எனக்கு எழுதி அனுப்பினால், உங்கள் பெயரை வெளியிடாமல் அடுத்த இதழில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.